மலைவீட்டு ஜன்னலில் வெள்ளை மணி பிளாண்ட்: வெளிச்சம் பார்த்து வைப்பது எப்படி

குன்னூருக்கு வந்து இது நான்காவது வருடம். முதல் இரண்டு வருடத்தில் மட்டும் ஐந்து மணி பிளாண்டைக் கொன்றிருக்கிறேன். எல்லாமே மார்பிள் க்வீன், அதாவது பச்சை இலையில் வெள்ளையை வாரி இறைத்தது மாதிரி இருக்குமே, அந்த ரகம். மதுரையில் இருந்தபோது சமையலறை ஜன்னலில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்த சாதா மணி பிளாண்ட் தன்பாட்டுக்குப் பரண் வரை ஏறிப் போனது, நான் அதற்குச் செய்தது தண்ணீர் மாற்றியது ஒன்றுதான். அந்தத் தைரியத்தில் இங்கே வாங்கினேன்.

இலை பழுத்தபோது தண்ணீர் அதிகம் என்றார்கள். குறைத்தேன். வளரவே இல்லை என்றபோது உரம் போடு என்றார்கள், போட்டேன். காய்ந்த டீத்தூள், முட்டை ஓடு, எப்சம் உப்பு எல்லாம் ஒரு சுற்று நடந்தது. அம்மா போனில் "கண்ணு பட்டிருக்கும்டீ, ஒரு மிளகாயைச் சுத்திப் போடு" என்றாள், அதையும் விடவில்லை. ஒருவர்கூட "செடி எந்த ஜன்னலில் இருக்கிறது, எத்தனை அடி தள்ளி இருக்கிறது" என்று கேட்கவில்லை. கடைசியில் பிரச்சினை அங்கேதான் இருந்தது. இந்த மலையில் வெளிச்சம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது, செடியை ஓரிடத்தில் நிரந்தரமாக மாட்டிவிட்டு மறந்துபோகிற பழக்கம் இங்கே உதவாது. நான் இரண்டு வருடம் தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன், நீங்களாவது முதல் செடியிலேயே தப்பித்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் செடியில் இருப்பது வெள்ளையா, வெள்ளியா?

கடைக்குப் போகும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மார்பிள் க்வீன், என்ஜாய், மஞ்சுளா மாதிரி ரகங்களில் இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, இருந்தாலும் பேருக்குத்தான். அந்த இடம் செடிக்குச் சோறு சமைக்காது, பக்கத்துப் பச்சைப் பகுதி சமைப்பதை உட்கார்ந்து சாப்பிடும். நாலு பேர் சம்பாதிக்க வேண்டிய வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கிற கதை. அதனால்தான் சாதா பச்சை மணி பிளாண்ட் சமாளிக்கிற மூலையில் இது சமாளிப்பதில்லை.

வெள்ளி வேறு. சாட்டின் போத்தோஸ் என்று விற்கிறார்களே, தடித்த இலையில் வெள்ளித் தூள் தெளித்த மாதிரி இருப்பது, அதில் இலையின் மேல்தோலுக்குக் கீழே காற்று இடைவெளி இருப்பதால் ஒளி பட்டுத் திரும்பி வெள்ளியாகத் தெரிகிறது. அடியில் பச்சையம் இருக்கத்தான் செய்கிறது. ஊதாவும் வெள்ளியுமாகக் கோடு போட்டுத் தொங்கும் டிரெடஸ்கான்ஷியா ஜெப்ரினாவின் வெள்ளிக் கோடும் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். ஆக, வெளிச்சம் சுமாரான வீடு என்றால் வெள்ளியை வாங்குங்கள், வெள்ளையை வாங்காதீர்கள். (ஜெப்ரினாவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: இருட்டில் சாகாது, ஆனால் அந்த ஊதா நிறம் வெளுத்து, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு நூடுல்ஸ் மாதிரி நீளும்.)

குளிரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணி பிளாண்ட் பசிபிக் தீவிலிருந்து வந்த வெப்பநாட்டுச் செடி. பத்து டிகிரிக்குக் கீழே போனால் இலையில் கரும்பச்சையாக ஈரத் திட்டு விழும், பதினைந்துக்குக் கீழேயே வளர்ச்சி படுத்துவிடும். ஊட்டியில் தலைக்குந்தா பக்கம் உறைபனி விழுகிற இடத்தில் உங்கள் வீடு என்றால், வெள்ளை விளிம்பு போட்ட ஐவி கொடியை யோசியுங்கள். அது குளிர்நாட்டுக்காரன், இந்த ஊர்க் குளிரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நல்ல வெளிச்சம் கொடுத்தால் தொங்குவதிலும் மணி பிளாண்டுக்குக் குறைந்ததல்ல. என் நாத்தனார் ஊட்டியில்தான் இருக்கிறார், மூன்று மார்பிள் க்வீனை ஜனவரிக்குப் பலி கொடுத்துவிட்டு இப்போது ஐவியோடு நிம்மதியாக இருக்கிறார்.

2. உங்கள் ஊரின் இருட்டு மாதம் எது?

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கே. "மலையில் எப்போதும் மேகம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடிக்கிற ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் வெளிச்சத்துக்குப் பஞ்சம். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவு, எங்களுக்கு அக்டோபர், நவம்பர், சில வருடம் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. கொடைக்கானலுக்கும் பெரிய மழை அந்த மாதங்களில்தான். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊட்டியில் வெயில் அடிக்கும்போது எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தகரக் கூரைகூடத் தெரியாத நாட்கள் உண்டு.

சூரியன் போகிற பாதையும் முக்கியம். செடி வளர்ப்பு பற்றிக் கிடைக்கிற குறிப்புகளில் பாதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் எழுதியவை, அவர்களுக்குத் தெற்கு ஜன்னல் என்றால் வருடம் பூராவும் வெயில், வடக்கு ஜன்னல் என்றால் வருடம் பூராவும் நிழல். நாம் இருப்பது பத்து, பதினொரு டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் பிற்பாதியில் சூரியன் நம் உச்சிக்கு வந்து, அப்புறம் ஆகஸ்ட் பிற்பாதி வரை நடுப்பகலில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும். டிசம்பரில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். இதற்கு வீட்டில் என்ன அர்த்தம் என்றால்:

தெற்கு ஜன்னலில் மே மாதம் நேர் வெயில் உள்ளே வராது, கூரைச் சரிவு மறைத்துவிடும். டிசம்பர், ஜனவரியில் அதே ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் பாய் விரித்த மாதிரி விழும். மே மாதம் "அருமையான இடம்" என்று தெற்கு ஜன்னலில் மாட்டிய செடி ஜனவரியில் கருகும். எனக்கு மூன்றாவது செடி போனது இப்படித்தான், நானோ குளிரால் கருகிவிட்டது என்று நினைத்து இன்னும் வெயிலுக்குள் தள்ளி வைத்தேன். குளிர்கிறதே என்று மலை வெயிலை நம்பிவிடாதீர்கள், இந்த உயரத்தில் அது உறைப்பாகவே இருக்கும், வெள்ளைப் பகுதிதான் முதலில் பழுப்பாகிக் காகிதம் மாதிரி காயும்.

கிழக்கு ஜன்னல் இருந்தால் யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது, ஒன்பதரை வரை விழும் காலை வெயில் மணி பிளாண்டுக்கு ஒத்துக்கொள்ளும். மேற்கு ஜன்னல் மழைக்காலத்தில் பிரயோசனம் இல்லை, மத்தியானத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும், ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் மாலை வெயில் சுள்ளென்று அடிக்கும், திரை வேண்டும். வடக்கு ஜன்னல், வெளியே திறந்த வானம் தெரிந்தால் பரவாயில்லை. சில்வர் ஓக் மரமோ எதிர்ச் சரிவோ மறைத்தால் விட்டுவிடுங்கள்.

3. ஜன்னலை அளந்து எழுதி வையுங்கள்

ஆவணம் என்று இந்த வேலைக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும், ஒரு நாற்பது பக்க நோட்டு. போனில் வெளிச்சத்தை அளந்து எண்ணாகக் காட்டும் லக்ஸ் மீட்டர் செயலி இலவசமாகக் கிடைக்கிறது (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). அது காட்டும் எண் அச்சு அசல் துல்லியம் இல்லை, போனுக்குப் போன் மாறும், இருந்தாலும் ஒரே போனில் இரண்டு இடத்தை ஒப்பிடத் தாராளமாகப் போதும்.

இலை இருக்கப்போகிற இடத்தில் போனை வைத்து, திரையை ஜன்னல் பக்கம் பார்க்கத் திருப்பி, காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மூன்று மணி என்று மூன்று தடவை எண்ணைக் குறியுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஒளி உணரி பெரும்பாலும் திரையின் மேல் விளிம்பில், முன்பக்கக் கேமரா அருகில் இருக்கும், விரல் மறைக்காமல் பிடியுங்கள். தெளிவான நாள் ஒன்று, மூடுபனி நாள் ஒன்று, இரண்டும் கட்டாயம். நான் முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அளந்துவிட்டு, எண்ணாயிரம் லக்ஸ் காட்டியதும் சந்தோஷமாக ஆணி அடித்தேன். அதே இடம் நவம்பரில் மூடுபனி நாளில் எழுநூறு காட்டியது.

வெள்ளை ரகத்துக்கு நான் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது, பகல் வேளை அளவு. ஆயிரத்துக்குக் கீழே என்றால் உயிரோடு இருக்கும், வெள்ளை நிற்காது. இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை, மெதுவாக வளரும், நிறம் ஓரளவு தாங்கும். ஐயாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரைதான் அதற்குப் பிடித்த இடம். முப்பதாயிரத்தைத் தாண்டினால் நேர் வெயில் விழுகிறது என்று அர்த்தம், நடுப்பகலில் அப்படி இருந்தால் திரை போடுங்கள்.

ஜன்னலை விட்டு விலக விலக வெளிச்சம் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதை நம் கண் சொல்லவே சொல்லாது, கண் தானாகச் சரிசெய்துகொள்ளும். என் வீட்டில் ஒரே நேரத்தில் அளந்தது: ஜன்னல் விளிம்பில் 7,800, மூன்றடி தள்ளி 1,900, அறையின் எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி மேல் 140. அலமாரி மேல் வைத்துப் படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்பதற்காக நான் முதல் இரண்டு செடிகளை வைத்தது அந்த 140 லக்ஸில்தான்.

போன் வேண்டாம் என்றால் கை நிழல் இருக்கிறது. இலை வரும் இடத்தில் வெள்ளைத்தாள் வைத்து ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் தெரிந்தால் நல்ல வெளிச்சம், கை என்று தெரிகிறது ஆனால் ஓரம் மங்கல் என்றால் சுமார், நிழலே கண்ணுக்குத் தட்டுப்படவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

4. எப்போது வாங்குவது, எங்கே, எவ்வளவு

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரலுக்குள் வாங்குங்கள். குளிர் உடைந்திருக்கும், வெளிச்சம் ஏறிக்கொண்டிருக்கும், மழைக்கு முன் செடிக்கு வேர் பிடிக்க இரண்டு, மூன்று மாதம் கிடைக்கும். மே மாதம் சீசன், மலர்க் கண்காட்சிக் கூட்டம், நர்சரியில் நின்று பேசக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. உங்கள் ஊர் இருட்டு மாதத்திலும் டிசம்பர், ஜனவரிக் குளிரிலும் வாங்கவே வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

உள்ளூர் நர்சரியில் ஆறு இஞ்சுத் தொட்டியில் நான் கடைசியாகக் கொடுத்தது 250 ரூபாய். கீழே மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் 150க்குக் கிடைத்தது. ஆனால் அங்கே பசுமைக்குடிலில் சூட்டிலும் ஈரப்பதத்திலும் வளர்ந்த செடியை ஒன்றரை மணி நேரத்தில் மலையேற்றினால் இங்கே வந்து நான்கைந்து இலையைக் கொட்டும், அந்த நூறு ரூபாய் மிச்சம் பெரிய மிச்சமில்லை. கீழே இருந்து எடுத்து வருவதானால் செடியைச் செய்தித்தாளில் சுற்றச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பர்லியார், குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் பிளாஸ்டிக்குக்காகப் பையைத் திறக்கச் சொல்வார்கள். வெளியூர் வண்டியில் வருகிற சொந்தக்காரரிடம் சொல்லி அனுப்புகிறீர்கள் என்றால் அவர் இ-பாஸ் எடுத்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டியிருக்கிறது.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிக்கும்போது ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள், மேலே முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி ஆரம்பியுங்கள், பில்லையும் ஆர்டர் எண்ணையும் வைத்திருங்கள். ஒரு கடையில் அழுகின செடி வந்து, படம் மட்டும் அனுப்பினேன், "வீடியோ இல்லாமல் பணம் தர முடியாது" என்று முடித்துவிட்டார்கள். 480 ரூபாய் போனது போனதுதான். ஏழெட்டு நாள் பயணம் என்றால் குளிர்காலத்தில் ஆர்டர் போடாதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியது இலையை மட்டுமல்ல, தண்டையும். தண்டில் வெள்ளையும் பச்சையும் கோடு கோடாக ஓடினால் அந்தக் கணுவிலிருந்து வரும் இலையும் கலந்து வரும். முழுக்க வெள்ளை இலைதான் அழகு என்று தேடி எடுக்காதீர்கள், அதுதான் முதலில் சாகும். பாதிக்குப் பாதி, அல்லது பச்சை கொஞ்சம் தூக்கலாக இருப்பது நல்லது. அப்புறம், "வெளிச்சமே தேவையில்லக்கா, பாத்ரூம்லகூட வெச்சுக்கலாம்" என்று சொல்வார்கள். சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

5. முதல் இரண்டு வாரம்

வந்த அன்றைக்கே ஜன்னலில் ஏற்றாதீர்கள். நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே இருந்ததோ, பெட்டிக்குள் ஐந்து நாள் இருட்டில் கிடந்ததோ, அதற்குக் கொஞ்சம் பழக வேண்டும். முதல் வாரம் ஜன்னலிலிருந்து இரண்டு, மூன்றடி. இரண்டாவது வாரம் ஒரு அடி. அப்புறம் அதன் இடம். இந்த நாட்களில் தொட்டி மாற்றுவது, உரம் போடுவது எதுவும் வேண்டாம். அடி இலை ஒன்றிரண்டு பழுத்து விழும், பதறாதீர்கள். பழைய இலையைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், அது வேறு ஒரு வீட்டு வெளிச்சத்தில் உருவானது. உங்கள் ஜன்னல் சரியா இல்லையா என்று சொல்லப்போவது இங்கே வந்தபின் விரியும் இரண்டாவது, மூன்றாவது இலை. மதுரையில் இதற்கு மூன்று வாரம் ஆகும், இங்கே வெயில் காலத்தில் ஆறு வாரம், குளிரில் இரண்டு மாதம்கூட. காத்திருக்கத்தான் வேண்டும்.

6. உயரம்: மொட்டை உச்சிக்குக் காரணம்

தொங்கு தொட்டி என்றால் உத்திரத்திலிருந்து மாட்டுவதுதான் வழக்கம். எங்கள் ஊரின் பழைய வீடுகளில் கூரை உயரம், ஜன்னல் குட்டை, குளிர் வராமலிருக்க அப்படிக் கட்டியிருக்கிறார்கள். தொட்டி ஜன்னலின் மேல்விளிம்புக்கு மேலே போய்விட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள்: தொங்கும் கொடிக்கு வெளிச்சம் கிடைக்கிறது, தொட்டியின் மேல்பரப்புக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ஆறு மாதத்தில் கீழே நாலு இலையும் மேலே வெறும் கயிறும்தான் மிஞ்சும். மண்ணின் மேல்பரப்பு ஜன்னலின் மேல்விளிம்பைவிட அரை அடியாவது கீழே இருக்கட்டும். இந்த ஒரு திருத்தத்தில் என் ஆறாவது செடி பிழைத்தது என்று அடித்துச் சொல்வேன்.

வாடகை வீடு என்றால் கொக்கி அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி பதில் வாங்கிக்கொள்ளுங்கள். என் ஒப்பந்தத்தில் "சுவரில் ஓட்டை போடக்கூடாது" என்று இருந்ததை நான் இரண்டாவது கொக்கிக்குப் பிறகுதான் படித்தேன், அட்வான்ஸில் பிடித்தமும் ஆனது. இப்போது ஜன்னல் சட்டத்துக்குக் குறுக்கே கனமான திரைக்கம்பி ஒன்றைப் போட்டு அதிலேயே மாட்டியிருக்கிறேன், இழுத்து நகர்த்தவும் வசதி. ஈரமான மண்ணோடு ஆறு இஞ்சுத் தொட்டி இரண்டு கிலோவுக்கு மேலே போகும், மெல்லிய கம்பி வளையும்.

வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்று திருப்புங்கள். கண்ணாடியைத் துடையுங்கள், சும்மா சொல்லவில்லை. விறகடுப்புப் புகையும் ஈரமும் சேர்ந்து படிகிற படலத்தைத் துடைத்ததும் என் போனில் எண் கண்ணெதிரே ஏறியது. தாழ்வாரத்தில் ஒளி வரட்டும் என்று கண்ணாடித் தகடு மாதிரிப் பிளாஸ்டிக் ஷீட் போட்டிருப்பார்கள், அதில் பாசி பிடித்துப் பச்சையாகியிருந்தால் மழைக்கு முன் ஆள் விட்டுத் தேய்த்துவிடுங்கள். நேர் வெயில் விழும் மாதங்களில் பழைய வேட்டியை ஒற்றையாகத் திரை போட்டால் போதும், கடையில் விற்கும் திரைத்துணியைவிட அது வெளிச்சத்தைப் பக்குவமாக வடிகட்டுகிறது.

ஒரு விஷயம், ஊட்டி, கோத்தகிரிக்காரர்களுக்குக் குறிப்பாக. ஜனவரியில் பகல் பளிச்சென்று இருக்கும், அந்த இரவில்தான் உறைபனி விழும். பகலில் கண்ணாடியோரம் இருக்கட்டும், ராத்திரி நாலடி உள்ளே தள்ளுங்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிற இலை விடிவதற்குள் கருத்துவிடும்.

7. வெளிச்சம் குறைந்தால் தண்ணீரையும் குறையுங்கள்

இருட்டு மாதத்தில் செடி சாவது பெரும்பாலும் இருட்டால் அல்ல, இருட்டில் ஊற்றிய தண்ணீரால். வெளிச்சம் இல்லாத செடி குடிப்பதும் குறைவு, மூடுபனியில் மண் காய்வதும் இல்லை, நாமோ ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்ணீர் என்று பழக்கத்தில் ஊற்றிக்கொண்டே இருப்போம், வேர் அழுகும், இலை மஞ்சளாகும், அதைப் பார்த்துத் தண்ணீர் பற்றவில்லை என்று இன்னும் ஒரு டம்ளர். கிழமையை விட்டுவிடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் போய் வேறு வேலை பாருங்கள். போன நவம்பரில் நான் இருபத்திரண்டு நாள் ஊற்றவே இல்லை, நோட்டில் தேதி இருக்கிறது. உரமும் அப்படியே, இருட்டு மாதத்தில் வேண்டவே வேண்டாம். நம் ஊர்ச் செம்மண்ணை மட்டும் போட்டால் களிபோல் இறுகும், தேங்காய்நார்த் தூளும் பெர்லைட்டும் (நர்சரியில் கிடைக்கும் எடையில்லாத வெள்ளைக் கல் துணுக்கு) கலந்துகொள்ளுங்கள். குளிர்காலத்துக் குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றாமல் ஒரு இரவு அறையில் வைத்து ஊற்றுங்கள்.

8. விளக்கு போடுவதா?

மூடுபனி நாள் அளவு ஆயிரத்தைத் தாண்டவில்லை, அந்த நிலை ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் போடுங்கள். இல்லாவிட்டால் தேவையில்லை. செடி விளக்கு என்று ஊதா நிறத்தில் விற்பதைத் தேட வேண்டியதில்லை, வீடு பேய் பங்களா மாதிரி ஆவதுதான் மிச்சம். சாதாரண வெள்ளை எல்இடி பல்பு, இருபது வாட், அட்டையில் 6500கே என்று போட்டிருக்கும், அது போதும். கைக்கு எட்டுகிற நெருக்கத்தில் இருக்க வேண்டும்: செடியிலிருந்து ஒரு அடி, ஒன்றேகால் அடி. அதையே இரண்டடிக்குத் தூக்கினால் வெளிச்சம் பாதியாகாது, கிட்டத்தட்ட கால்பங்காகிவிடும். உத்திரத்து டியூப்லைட் எரிகிறதே என்று நம்பி இருந்தேன், செடி இருக்கும் இடத்தில் அது தந்தது நூற்றைம்பது லக்ஸ்.

செலவு: பல்பு 280, ஹோல்டரும் ஒயரும் 120, டைமர் பிளக் 450. டைமர் ஆடம்பரம் என்று நினைத்தேன், நாலு நாள் அணைக்க மறந்தபிறகு வாங்கினேன். இருபது வாட் தினம் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டைச் சற்றே தாண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்பதால் சின்னக் குடும்பத்துக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார் என்றால் அவர் விலையில் கணக்குப் போடுங்கள். ஈரச் சுவரில் பழைய பிளக்பாயின்ட்டை நம்பாமல் எலக்ட்ரீஷியனை ஒருமுறை பார்க்கச் சொல்லிவிடுங்கள், தண்ணீர் ஊற்றும்போது விளக்கை அணைத்துவிட்டு ஊற்றுங்கள். மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போவது இங்கே சகஜம், செடி அதைத் தாங்கும்.

9. கத்தரி போடத் தயங்காதீர்கள்

வெளிச்சம் குறைந்த மாதங்களில் வரும் புது இலை பச்சை தூக்கலாக வரும், செடி தன் பிழைப்பைப் பார்க்கிறது. வெளிச்சம் கூடினால் அடுத்தடுத்த இலையில் வெள்ளை திரும்பும், பச்சையாக விரிந்த இலை மட்டும் பச்சையாகவேதான் இருக்கும், அதைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். ஆனால் ஒரு கொடியின் தண்டே கோடில்லாமல் முழுப்பச்சையாகி, மூன்று இலை தொடர்ந்து பச்சையாக வந்தால், அதை விட்டுவைத்தால் வேகமாக வளர்ந்து மற்ற கொடிகளை அமுக்கிவிடும். கடைசியாகக் கோடு தெரிகிற கணுவுக்கு மேலே வெட்டுங்கள். மூன்று இலை தொடர்ந்து முழு வெள்ளையாக வந்தாலும் அதே மருந்து.

வெட்டுவதற்கு நல்ல காலம் மார்ச், ஏப்ரல். குழந்தையோ பூனையோ உள்ள வீடு என்றால் வெட்டிய துண்டைத் தரையில் விடாதீர்கள், மணி பிளாண்டின் சாற்றில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கிறது, வாயில் வைத்தால் எரிச்சலும் வீக்கமும் வரும், சிலருக்குக் கையும் அரிக்கும்.

நல்ல கோடு உள்ள துண்டுகளைக் கணு முங்குகிற மாதிரி கண்ணாடி பாட்டிலில் போட்டு அதே ஜன்னலில் வையுங்கள், இங்கே வேர் விட நாலைந்து வாரம் ஆகும். வேர் இரண்டு இஞ்சு வந்ததும் இரண்டு துண்டை அதே தொட்டியின் மொட்டை உச்சியில் நட்டுவிடுங்கள். ஒன்றைப் பாட்டிலிலேயே வைத்திருங்கள். என்னுடையது சமையலறை ஜன்னலில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது, நவம்பர் எப்படிப் போகும் என்று இன்னும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.